நானூற்றுப் பதினேழாம் செடி

1853 ஜூன் 9, வியாழன். பாபநாசம்

செடி உலர்த்தும் காகிதத்தில் ஓரம் கிழிந்தவற்றைச் சேர்த்துத் தைத்து இந்த நோட்டைச் செய்துகொண்டேன். நல்ல காகிதத்தைத் தொட்டால் துரைக்குக் கோபம் வரும். கிழிந்ததற்கு வராது.

துரை என்றால் டாக்டர் பெல்லமி துரை. பட்டாளத்து வைத்தியர். கை கால் அறுத்துத் தைப்பது உத்தியோகம், செடி தேடுவது உயிர். பதினோரு வருஷமாக அவர் கொண்டுவரும் செடிகளை நான்தான் படம் வரைகிறேன். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்த கொஞ்சம் இங்கிலீஷ் இருப்பதால் கூடாரத்தில் மொழிபெயர்க்கும் வேலையும் என் தலையில்தான்.

இன்று லண்டனிலிருந்து கட்டு வந்தது. போன வருஷம் நான் வரைந்த நானூற்றுப் பதினேழாம் செடியை வண்ணத்தில் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். படத்தின் கீழே வலது மூலையில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ‘வரைந்தவர் ஞானாபரணம்’ என்று இங்கிலீஷில் இருக்கிறது. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அதே கட்டில் ஒரு கடிதமும் இருந்தது. படித்த பிறகு துரை சாப்பிடவில்லை. ஐரோப்பாவில் யாரோ ஒரு பண்டிதர் பத்திரிகையில் எழுதியிருக்கிறாராம். இந்தப் பூ ஒரு குலத்துப் பூ, இந்த இலை வேறொரு குலத்து இலை, இப்படி ஒரு செடி உலகத்தில் இருக்க வழியில்லை, பெல்லமி படத்தைக் காட்டியது போதும், செடியைக் காட்டட்டும் என்று. அந்தச் செடிக்குத் துரை வைத்திருக்கும் பெயர் காலஞ்சென்ற அவர் மனைவியின் பெயர், எலினோர். அம்மாள் பாளையங்கோட்டைக் கல்லறையில் இருக்கிறாள்.

துரை எழுந்து நின்றார். “போன ஆனியில் பூத்தது. இந்த ஆனியிலும் பூக்கும். பொதிகைக்குப் போய் எடுத்து வருவோம்” என்றார்.

வெளியே மழை கொட்டுகிறது. மேலே காய்ச்சல் காடு. இந்த மாதத்தில் மாடுகூட அங்கே ஏறாது.

ஞானாபரணத்தின் கை நடுங்காத கை என்று துரை எல்லோரிடமும் சொல்வார். இன்று பேனா சீவும்போது விரலை வெட்டிக்கொண்டேன்.

ஜூன் 10, வெள்ளி

நாள் முழுவதும் மூட்டை கட்டும் வேலை. பலகை, கயிறு, காகிதம், அரிசி, கருவாடு.

காகிதம் உலர்த்த இந்த வருஷம் தனியாக ஓர் ஆள் வேண்டும் என்று நான்தான் துரையிடம் கேட்டு வாங்கினேன். என் மனைவி ரெபேக்காளின் அண்ணன் தானியேலைச் சேர்த்துவிட்டேன். பறித்த செடியைக் காகிதங்களுக்கு நடுவே வைத்துப் பலகையால் அமுக்குவோம். காகிதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரக் காகிதத்தை எடுத்துவிட்டு அன்றன்றைக்கு உலர்ந்ததை வைக்க வேண்டும். மழைக்காலத்தில் அடுப்புச் சூட்டில் பிடித்துத்தான் காயவைக்க முடியும். ஒரு நாள் தவறினால் செடி கறுக்கும். இரண்டு நாள் தவறினால் பூசணம். மூன்றாம் நாள் வெறும் குழம்பு.

போன வருஷம் அந்த வேலையையும் நானே பார்த்தேன்.

ஊரிலிருந்து கிளம்பும்போது ரெபேக்காள் வாசல்வரை வந்து, “எங்கண்ணனக் கூட்டிட்டுப் போறிய. கூட்டிட்டு வந்துருங்க” என்றாள். பாபநாசத்துக்குத்தானே போகிறோம் என்று அன்று சிரித்தேன்.

ஜூன் 12, ஞாயிறு

ஜெபம் இல்லை. நடந்தோம்.

எட்டுப் பேர். துரை, நான், மச்சான், வழிகாட்டும் மலைவாசி ஈச்சன் காணி, மூட்டை தூக்க நான்கு ஆட்கள். பாணதீர்த்தத்துக்கு மேலே ஆற்றைக் கடந்ததும் ஈச்சன் எல்லோரையும் நிறுத்தினான். ஆளுக்கொரு தழை ஒடித்து அங்கே கிடந்த பாறைக்கு அடியில் செருகச் சொன்னான். திரும்பி வரும்போது அவரவர் தழையை அவரவர் எடுத்துவிட வேண்டுமாம். அவன் அப்பன் காலத்து வழக்கமாம்.

“எடுக்காட்டா?” என்று மச்சான் கேட்டார்.

“எடுக்காட்டா ஆளு மேலயே இருக்காருன்னு அர்த்தம்” என்றான் ஈச்சன்.

துரைக்கு ஒரே வேடிக்கை. எல்லோரும் கைக்குக் கிடைத்ததை ஒடித்தார்கள். அவர் மட்டும் சுற்றிப் பார்த்து ஒரு புதரைத் தேர்ந்தெடுத்து, அதன் லத்தீன் பெயரைச் சொல்லிவிட்டுச் செருகினார். நான் கிறிஸ்தவன், இதெல்லாம் கூடாது. ஆனாலும் செருகினேன். கொஞ்சம் ஆழமாகவே செருகினேன்.

ஜூன் 13, திங்கள்

அட்டை. காலில், கழுத்தில், இமைக்கு மேலே. உப்புப் பையைக் காலில் தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிகிறது.

மாலையில் துரை அச்சடித்த படத்தை விரித்து ஈச்சனிடம் காட்டினார். அவன் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான். பூவின் மேல் விரலை வைத்தான், இலையின் மேல் வைத்தான். பிறகு ஏதோ சொன்னான். என்ன சொல்கிறான் என்று துரை கேட்டார்.

ஆறு பிறக்கும் பூங்குளத்துக்கும் மேலே இருக்கிறது என்கிறான் என்று சொன்னேன்.

துரை அவன் தோளைத் தட்டினார். ஈச்சன் என்னைப் பார்த்தான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஜூன் 15, புதன்

மழை. கூலியாட்களில் இருவரைக் காலையிலிருந்து காணோம்.

ஜூன் 16, வியாழன்

மச்சானுக்கு மத்தியானம் குளிர் எடுத்தது. அடுப்பை ஒட்டி உட்கார்ந்து காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டே பற்கள் கிடுகிடுக்கச் சிரிக்கிறார்.

“மாப்ள, பேப்பர நான் காயவைக்கேன். என்னைய ஆரு காயவைப்பா?”

மழைக் குளிராகத்தான் இருக்கும். இந்த ஈரத்தில் யாருக்குத்தான் குளிராது?

ஜூன் 17, வெள்ளி

தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஈச்சன் வந்து என் பக்கத்தில் நின்றான்.

“படக்காரரே, நான் சொன்னது ஒண்ணு, நீங்க தொரைகிட்டச் சொன்னது ஒண்ணு.”

“உனக்கு என்ன தெரியும்?” என்றேன்.

“பேச்சு தெரியாட்டாலும் மூஞ்சி தெரியும்லா. அந்தப் பூவப் போன வருசம் கொண்டாந்து குடுத்ததே நான்தான். அதுக்கு எலை புல்லு மாதிரி இருக்கும். நீங்க எழுதியிருக்கது வேற செடி எலை. இந்தப் பூவுக்கு இந்த எலை கெடையாதுன்னுதான் அன்னைக்குப் படத்தப் பாத்துச் சொன்னேன். ரெண்டு செடிய ஒண்ணா எழுதி வச்சிருக்கிய. இல்லாத செடிய எங்க போயித் தேட?”

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவன் பின்னால் வரவில்லை.

இந்த நோட்டைப் படிக்கப் போவது யாருமில்லை. அதனால் எழுதுகிறேன். போன ஆனியில் துரை காய்ச்சலில் கிடந்தார். ஈச்சன் கொண்டுவந்த செடியை அவர் பாதிக் கண் திறந்து பார்த்து, இலக்கம் போட்டு வரைந்து வை என்றார். இலக்கம் போட்டேன். பலகைக்குள் வைத்தேன். அவர் கிடந்தது மூன்று நாள். அந்த மூன்று நாளும் நான் காகிதம் மாற்றவில்லை. மழை, அடுப்பு அணைந்துவிட்டது, எனக்கும் உடம்பு சரியில்லை என்று இப்போது ஆயிரம் சொல்லலாம். தூங்கினேன். அதுதான் உண்மை. திறந்தால் பூ மட்டும்தான் மிச்சம். இலையும் தண்டும் கருங்குழம்பு. அதே கட்டில் பூவில்லாத வேறொரு செடி நன்றாக இருந்தது. அகன்ற, வரிவரியான இலை. அந்த இலையையும் இந்தப் பூவையும் சேர்த்து வரைந்தேன். குழம்பானதை ஆற்றில் போட்டேன். செடியைப் பூச்சி அரித்துவிட்டது, படம் இருக்கிறது என்று துரையிடம் சொன்னேன்.

காய்ச்சல் விட்டு எழுந்தவர் படத்தைப் பார்த்துக் கண் கலங்கினார். புதுச் செடி மட்டும் அல்ல, புதுக் குலமே என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 18, சனி

காய்ச்சல்தான். மச்சான் என்னை அடையாளம் தெரியாமல், “பேப்பர மாத்து, பேப்பர மாத்து” என்கிறார்.

துரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்க்கிறார், நெற்றியைத் துடைக்கிறார். நாளை மறுநாள் பூங்குளத்துக்கு ஏறலாம் என்றும் சொல்கிறார். நான் மூன்று தடவை அவரிடம் சொல்லப் போனேன். முதல் தடவை, மை தீரப்போகிறது என்று சொன்னேன். இரண்டாம் தடவை, இரவுக்குக் கஞ்சியா சோறா என்று கேட்டேன். மூன்றாம் தடவை எதுவும் சொல்லாமல் நின்றேன். “உனக்கும் காய்ச்சலா?” என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. மலையைக் கண்டு அல்ல. அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டுமே என்றுதான்.

ஜூன் 19, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

விடிந்ததும், அவர் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் நின்று சொன்னேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். காகிதம் மாற்றாதது, குழம்பானது, இலை, பூ, ஈச்சன் சொன்னது, நான் மாற்றிச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். மண்டியிட்டேன்.

அவர் கத்தியைத் துடைத்து வைத்தார். திரும்பி என்னைத் தூக்கி நிறுத்தினார். முகம் மாறவில்லை. சிரித்தார்!

“உன் மச்சானைக் கீழே கொண்டுபோக வேண்டும். அதற்காக இவ்வளவு பெரிய பொய்யா? நல்ல மனம் உனக்கு, ஞானாபரணம். பொய்தான் சரியாக வரவில்லை. பதினோரு வருஷமாக நீ ஒரு நரம்பைக்கூடத் தவறாக வரைந்ததில்லை. எனக்குத் தெரியாதா?”

பொய்யை ஒரே பார்வையில் நம்பினார். உண்மையை நம்ப மாட்டேன் என்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஈச்சனிடம் போய், அந்தப் பூவை இலையோடு முழுசாகக் கொண்டுவா என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

ஜூன் 20, திங்கள்

ஈச்சன் கொண்டுவந்தான். மரப்பட்டையோடு பெயர்த்து, வேரும் பாசியுமாக. அதே வெள்ளைப் பூ, நடுவில் அதே கருஞ்சிவப்புப் பொட்டு. இலை புல் மாதிரி.

துரை அதை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் அச்சடித்த படத்தை வைத்தார். பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை. கூடாரத்தின் மேல் மழைச் சத்தம். உள்ளே மச்சானின் முனகல். செடியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி செடியைப் பார்த்தார்.

கடைசியில் கண்ணாடியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “பூ ஒரே மாதிரி இருக்கிறது. இது வேறு செடி. இலக்கம் போடு, வரை” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வரைந்தேன். கோடு நடுங்கியது. அவர் அதைப் பார்த்தார்.

பிறகு அவராகவே சொன்னார். நாளைக்கு நான் மச்சானைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டுமாம். டோலி கட்டிக்கொள்ளலாம், கூலியாட்கள் இருவரும் என்னோடு. அவர் ஈச்சனோடு மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவாராம். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மருந்துப் பெட்டியைத் திறந்து, காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா குப்பியை என் கையில் வைத்து, வேளைக்கு எவ்வளவு என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார்.

வேறு குப்பி இருந்ததா என்று நான் பெட்டிக்குள் பார்க்கவில்லை.

ஜூன் 21, செவ்வாய்

இறங்கினோம். தழை செருகிய பாறைக்கு மத்தியானம் வந்து சேர்ந்தோம். என்னுடையதை உருவினேன், மச்சானுடையதையும் உருவினேன். துரையின் தழை வாடாமல் பச்சையாகவே இருந்தது. அந்த லத்தீன் பெயரை நினைவுபடுத்திப் பார்த்தேன், வரவில்லை.

ஜூன் 25, சனி. பாபநாசம்

மச்சானுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்பு இருக்கா என்று கேட்டார். வெளியே போய் நின்று கொஞ்சம் அழுதேன்.

குப்பியில் இன்னும் பாதி இருக்கிறது. ஓர் ஆளுக்கு இவ்வளவு எதற்கு என்று அன்று தோன்றவில்லை.

ஜூன் 26, ஞாயிறு

விடியற்காலையில் குப்பியோடு கிளம்பினேன். பாணதீர்த்தத்துக்குக் கீழேயே ஆறு கரையை அடித்துக்கொண்டு போகிறது. இடுப்புவரை இறங்கினேன். கால் நிற்கவில்லை. திரும்பிவிட்டேன். துரையிடம் இன்னொரு குப்பி கட்டாயம் இருக்கும். வைத்தியரிடம் இல்லாமலா இருக்கும்?

ஜூன் 28, செவ்வாய்

ஆறு வடியவில்லை.

ஜூன் 30, வியாழன்

வடியவில்லை. மச்சான் தூரத்தில் யாராவது வந்தால், “தொரையா?” என்கிறார். விறகுக்காரிகள்தான் வருகிறார்கள்.

ஜூலை 4, திங்கள்

ஈச்சன் வந்தான். தனியாக. தோளில் துரையின் தகரப் பெட்டி.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் துரை எங்கே என்று கேட்டேன். அவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

“போன செவ்வாக்கெழம. ரெண்டு ஆறும் பொங்கிருச்சு, கொண்டாந்துரலாம்னு பாத்தேன், முடியல. பூங்குளத்துக்கு இந்தப் பக்கம் மேட்டுல பொதச்சேன். கல்லு அடுக்கியிருக்கேன்.”

“என்ன ஆச்சு?”

“காச்சல். நீங்க எறங்குன மறுநாளே குளிரு வந்திருச்சு. ரெண்டு தடவ கையச் சாச்சு, குப்பிய எடுத்துக் குடிக்கமாதிரி காட்டுனாரு. நான் பெட்டியெல்லாம் தேடுனேன். பெறகு அவருக்கே ஞாபகம் வந்த மாதிரி சிரிச்சாரு. வேண்டாம்னு தலைய ஆட்டுனாரு.”

திறந்து கிடக்கும் என் பெட்டிக்குள் அந்தக் குப்பி இருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு அது தெரிகிறது.

“மேல போனீங்களா?” என்றேன்.

“எங்க போக? அவரு மேல போவவே இல்லயே. நீங்க எறங்குன அன்னைக்கு, படத்துல இருக்க அந்த அகல எலையக் காட்டி, இதக் கொண்டான்னு கையாலயே சொன்னாரு. இந்தப் பக்கம்லாம் கெடக்குத செடிதான. கொண்டாந்தேன். அதயும் பூவயும் வச்சுக்கிட்டு ஊசியெடுத்தாரு. அம்புட்டுக் காச்சலுலயும் தெனமும் பேப்பர மாத்தச் சொல்லி என்னைய எழுப்பி விட்டாரு. நான்தான் காயவச்சுக் காயவச்சு மாத்துனேன்.”

போகும்போது வாசலில் நின்று, “அவரு தழைய எடுக்கல. அது அங்கயே இருக்கட்டும்” என்றான்.

பெட்டியைத் திறந்தேன். அடியில், பூவை அறுத்தெடுத்த புல் இலைச் செடி. அதற்கு மேல், உலர்ந்த காகிதங்களுக்கு நடுவே இன்னொரு செடி. அகன்ற, வரிவரியான இலை. அதிலிருந்து எழும் தண்டில் வெள்ளைப் பூ, பொட்டுகூடக் கறுக்கவில்லை. நான் வரைந்த படம் அப்படியே உயிரோடு வந்து படுத்திருந்தது. கண்ணாடி வைத்துத் தேடிய பிறகுதான் ஒட்டு தெரிந்தது. தண்டுகள் இரண்டையும் சாய்வாகச் சீவி, பொருத்தி, காயம் தைக்கும் பட்டு நூலால் நாலு தையல். முடிச்சைப் பாசிக்குள் மறைத்திருந்தார். அந்த முடிச்சைப் பட்டாள ஆஸ்பத்திரியில் நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

செடியோடு வைத்திருந்த சீட்டில் அவர் கையெழுத்து, கோணல்மாணலாக: ‘417. எலினோர் செடி. கிடைத்துவிட்டது. ஞானாபரணம் முன்பு வரைந்தது சரி.’

ஜூலை 5, செவ்வாய்

துரையின் சாமான்களை லண்டனுக்கு அனுப்பப் பாளையங்கோட்டையிலிருந்து பாதிரியார் வந்திருக்கிறார். நாளைக் காலையில் வண்டி. “தேடிப் போன செடி கிடைத்துவிட்டதாமே, அதாவது ஆறுதல்” என்றார். ஆமாம் என்றேன்.

யாருக்காகத் தைத்தார்? அம்மாளின் பெயருக்கா, தன் பெயருக்கா, எனக்கா? பதினோரு வருஷம் அவர் ஒரு பொய்ச் சீட்டு எழுதி நான் பார்த்ததில்லை. என் பொய்யை அவர் கையால் தைத்து உண்மையாக்கப் பார்த்திருக்கிறார். நான் சொன்ன அன்றைக்கு நம்பினாரா, செடியைப் பார்த்த அன்றைக்கு நம்பினாரா என்று இனி யாரைக் கேட்பது?

அப்படியே அனுப்பிவிடலாம். ஒட்டை யாரும் பார்க்காவிட்டால் அம்மாள் பெயர் நிற்கும். மூலையில் என் பெயரும் நிற்கும். ஆனால் அந்தப் பண்டிதர் கண்ணாடி வைத்துப் பார்ப்பார், பார்க்காமல் விட மாட்டார். அன்றைக்கு ஏமாற்றுக்காரன் என்று எழுதப்படுவது பெல்லமி துரை. பதில் சொல்ல அவர் இருக்க மாட்டார்.

உண்மையைச் சொன்னால் என்னை இனி எந்தத் துரையும் கூடாரத்துக்குள் சேர்க்க மாட்டான். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். ரெபேக்காளும் நானும் எதை வைத்துச் சாப்பிடுவது? மச்சானிடம் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, “அந்தக் குப்பி எனக்கு வந்தது மாப்ள” என்று மட்டும் சொன்னார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூலை 6, புதன்

விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தேன்.

சின்னக் கத்தரியால் தையலை வெட்டினேன். நாலு தையல். துரையின் உடம்பிலேயே வெட்டுவது போல் இருந்தது. பூவைத் தனித் தாளில் வைத்து, பக்கத்தில் ஈச்சன் கொண்டுவந்த புல் இலைச் செடியை வைத்தேன். அகன்ற இலையை வேறு தாளில் வைத்தேன். துரையின் சீட்டையும் பட்டு நூலையும் எடுத்து இந்த நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அந்தச் சீட்டை லண்டன் பார்க்க வேண்டாம். இந்த ஒரு பொய்யை என்னோடு வைத்துக்கொள்கிறேன்.

பிறகு இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். நானூற்றுப் பதினேழாம் படம் தவறு. காகிதம் மாற்றாமல் செடியை அழுகவிட்டவன் நான். இரண்டு செடிகளை ஒன்றாக வரைந்து துரையை ஏமாற்றியவனும் நானே. துரை அதை நம்பியது என் கையை நம்பியதால். சரியான செடியைக் கண்டுபிடித்த பிறகே அவர் இறந்தார். அதற்கு எலினோர் பெயரையே வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வண்டிக்காரன் வாசலில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். பாதிரியார் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

கடிதத்தின் கீழே வலது மூலையில் என் பெயரை எழுதினேன். கை நடுங்கியது. பரவாயில்லை, படிக்க முடிகிறது.